கிளிஞ்சல் ஓட்டுலேர்ந்து நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்: செய்யறதுலேர்ந்து டெஸ்ட் பண்ற வரைக்கும்

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நானோ மெட்டீரியல் செய்யறது மூணு நாலு நாள் வேலை, அது நானோதானா (துகள் 100 நானோமீட்டருக்குள்ள இருக்கா), சொன்ன வேலைய செய்யுதான்னு காட்றதுதான் ப்ராஜெக்ட்டே. நம்ம பக்கத்து பசங்க நெறைய பேர் இத தலைகீழா பண்றாங்க, ஆறு மாசம் பவுடர் செஞ்சுட்டு கடைசி ரெண்டு வாரத்துல எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே அடிச்சு என்ன கிறிஸ்டல்னு பாக்கற டெஸ்ட்) எடுத்து ஒட்டிட்டு வைவாவுல போய் முழிக்கறாங்க. அதனால இந்த வழிகாட்டில செய்முறைய விட டெஸ்ட்டுக்குத்தான் நெறைய இடம் குடுக்கப் போறேன்.

எதுக்கு கிளிஞ்சல்? கடலூர் முதுநகர் துறைமுகம், பரங்கிப்பேட்டை வெள்ளாத்து முகத்துவாரம், இந்தப் பக்கம் புதுச்சேரில தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம்னு எங்க போனாலும் மட்டி ஓடு கெடைக்கும், காசு குடுக்க வேண்டியதில்ல. அது கிட்டத்தட்ட சுத்தமான கால்சியம் கார்பனேட், 95 சதவீதத்துக்கு மேலயே இருக்கும். அத சுட்டா சுண்ணாம்பு, சுண்ணாம்போட பாஸ்பாரிக் ஆசிட் சேந்தா ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது நம்ம எலும்புலயும் பல்லுலயும் இருக்கற அதே கனிமத்தோட குடும்பம். இனிமே சுருக்கமா ஹெச்ஏபின்னே சொல்றேன். இத வச்சு எலும்பு சிமென்ட்லேர்ந்து உரம் வரைக்கும் என்னென்னமோ பண்ணலாம், ஆனா காலேஜ் லேப்ல நேர்மையா டெஸ்ட் பண்ணி முடிக்கக்கூடிய ஒரு வேலைன்னா தண்ணிலேர்ந்து ஃப்ளோரைடு எடுக்கறதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பல்லுல கறை, எலும்பு வளையறதுன்னு அந்த ஊர் ஜனங்க பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு. குடிதண்ணில ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஓகே, வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்னு ஐஎஸ் 10500, அதாவது குடிதண்ணிக்கான இந்திய தர நிர்ணயம், சொல்லுது. ஸோ உங்க டார்கெட் நம்பர் கையில இருக்கு, லேப்ல நாம கலக்கப் போற லிட்டருக்கு 10 மில்லிகிராம்லேர்ந்து 1.5க்கு கீழ கொண்டு வரணும்.

ஓடு பொறுக்கறது, கழுவறது

செத்த ஓடு மட்டும் எடுங்க, உயிரோட இருக்கற மட்டிய தோண்டாதீங்க. ஒரே ஜாதி ஓடா எடுத்தா நல்லது, நாலு வகைய கலந்துட்டா அப்புறம் வர்ற மெக்னீசியம், ஸ்ட்ரான்ஷியத்துக்கு யார் காரணம்னு சொல்ல முடியாது. சங்கு, பவளம் மாதிரி எதையும் தொடாதீங்க, சில வகைங்களுக்கு 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, ப்ராஜெக்டுக்காக கேஸ் வாங்க வேணாம்.

பிரஷ்ஷால தேச்சு, தண்ணில கொதிக்க வச்சு, திரும்பவும் கழுவுங்க. ஒட்டிட்டு இருக்கற தசை, அழுக்கு பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம், எல்லாம் அடுப்புல எரிஞ்சு போயிடும். உப்புதான் முக்கியம். கடைசியா கழுவற தண்ணி டிஸ்டில்டு வாட்டரா இருக்கட்டும், கழுவின தண்ணில ரெண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு பாருங்க, பால் மாதிரி வெள்ளையா கலங்குனா இன்னும் உப்பு இருக்கு. கரையோர ஊர்ல குழாய் தண்ணிலயே குளோரைடு இருக்கும், அதுல கழுவிட்டு இந்த டெஸ்ட் பண்ணா ஆயுசுக்கும் கலங்கிட்டேதான் இருக்கும். உப்புக்கு ஏன் இவ்ளோ கவலைன்னா, சோடியம் குளோரைடோட பெரிய எக்ஸ்ஆர்டி பீக் 31.7 டிகிரில வரும், ஹெச்ஏபியோட பெரிய பீக் 31.8ல வரும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுக்கும், பாத்தா தெரியாது.

காய வச்சு இடிச்சு பொடியாக்கி சலிச்சு வச்சுக்கோங்க.

சுடறது

அலுமினா க்ரூசிபிள்ல 25, 30 கிராம் ஓட்டுப் பொடிய கரெக்ட்டா எடை போட்டு மஃபிள் ஃபர்னஸ்ல 900 டிகிரில மூணு மணி நேரம். வேதியியல் நம்ம பழைய சுண்ணாம்பு காளவாய்ல நடக்கறதேதான், புதுசா எதுவும் இல்ல. கார்பன் டை ஆக்சைடு வெளிய போயி கால்சியம் ஆக்சைடு மிஞ்சும்.

இங்கயே மொத டெஸ்ட் இருக்கு, காசே ஆகாது, எடை மெஷின் போதும். கணக்குப்படி எடை 44 சதவீதம் குறையணும். ஓட்டுல இருக்கற ஆர்கானிக் பொருள், ஈரம் எல்லாம் சேத்து 45, 46 வரும், அது நார்மல். 40, 41ல நின்னா சரியா வேகல, திரும்ப வைங்க. சந்தேகமா இருந்தா சிட்டிகை பொடிய தண்ணில கொழைச்சு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விடுங்க, நுரைச்சா கார்பனேட் மிச்சம் இருக்கு.

வெந்த பொடிய ராத்திரி பூரா ஃபர்னஸ்லயே விட்டுட்டு காலைல வந்து எடுக்கற பழக்கம் இருக்குல்ல, அது வேணாம். கடலூர், பாண்டி காத்துல இருக்கற ஈரத்துக்கு கால்சியம் ஆக்சைடு சும்மா இருக்காது, தண்ணியையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கிட்டே இருக்கும், நீங்க 5.61 கிராம்னு போடறதுல எவ்ளோ சுண்ணாம்பு எவ்ளோ தண்ணின்னு யாருக்குமே தெரியாம போயிடும். சூடு 150க்கு கீழ எறங்கினதும் டெசிகேட்டருக்கு (ஈரம் உள்ள போகாத மூடி போட்ட ஜாடி) மாத்திட்டு, ஆறினதும் அன்னைக்கே எடை போட்டு அன்னைக்கே யூஸ் பண்ணுங்க. டெசிகேட்டர்ல சிலிக்கா ஜெல் நீலமா இருக்கான்னும் பாத்துக்கோங்க, பாதி லேப்ல அது ரோஸ் கலர்லயேதான் கெடக்கும்.

ஹெச்ஏபி செய்யறது

கணக்கு இதுதான். பத்து கால்சியத்துக்கு ஆறு பாஸ்பரஸ், அதாவது விகிதம் 1.67. கால்சியம் ஆக்சைடு 5.61 கிராம் எடுத்தா 0.1 மோல். அதுக்கு 0.06 மோல் பாஸ்பாரிக் ஆசிட் வேணும், 85 சதவீத ஆசிட்டா இருந்தா 6.92 கிராம், அளந்தா சுமார் 4.1 மில்லி. ஆசிட்ட அளக்கறத விட எடை போடறது நல்லது, கொழகொழன்னு இருக்கும், பிப்பெட்ல பாதி ஒட்டிக்கும். இதுலேர்ந்து வரவேண்டிய ஹெச்ஏபி 10 கிராம் சொச்சம், அதாவது பத்து கிராம் ஓட்டுக்கு கிட்டத்தட்ட பத்து கிராம் பவுடர்.

கால்சியம் ஆக்சைட 200 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, சூடாகும், தெறிக்கும், கண்ணாடி போடாம இத பண்ணாதீங்க, சுண்ணாம்பு கண்ணுல பட்டா கண்ணு போயிடும். மேக்னட்டிக் ஸ்டிர்ரர்ல ஒரு மணி நேரம் சுத்த விட்டா சுண்ணாம்புப் பால் ரெடி. ஆசிட்ட தனியா 200 மில்லிக்கு டைலூட் பண்ணுங்க, தண்ணில ஆசிட்ட ஊத்தணும், மாத்தி ஊத்தக்கூடாதுன்னு ப்ளஸ் டூலயே படிச்சிருப்பீங்க.

ஆசிட்ட பியூரெட்ல எடுத்து நிமிஷத்துக்கு முப்பது சொட்டு கணக்குல விடுங்க, முழுசா எறங்க ரெண்டு மணி நேரம் ஆகும். இந்த ரெண்டு மணி நேரத்துல போன பாக்காம பிஹெச் மீட்டர பாருங்க. ஆரம்பத்துல 12க்கு மேல இருக்கும், ரொம்ப நேரத்துக்கு அசையவே அசையாது, கரையாம இருக்கற சுண்ணாம்பு கரைஞ்சு கரைஞ்சு ஈடு குடுத்துட்டே இருக்கும். அப்புறம் கடைசி கொஞ்சம் மில்லில தடதடன்னு எறங்கும், அந்த எடத்துலதான் அமோனியா விட்டு 10க்கு மேல நிறுத்தணும், ஃப்யூம் ஹூட்குள்ள. எறங்க விட்டுட்டா ஹெச்ஏபிக்கு பதிலா புருஷைட் மாதிரி வேற கால்சியம் பாஸ்பேட் வந்து கலந்துடும். இல்ல கால்சியம் கம்மியான ஹெச்ஏபி வரும், அது சும்மா காய வச்சா ஒண்ணும் தெரியாது, 800 டிகிரிக்கு சூடு பண்ணும்போதுதான் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டா மாறி பல்ல காட்டும்.

முடிஞ்சதும் இன்னும் ரெண்டு மணி நேரம் கலக்கிட்டு, மூடி ராத்திரி பூரா வச்சுடுங்க. மறுநாள் கழுவறது. மொத ரெண்டு தடவை செமயா படியும், மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். மூணாவது, நாலாவது தடவை, பிஹெச் 7 பக்கம் வரும்போது படியவே படியாது, வெள்ளையா மெதந்துட்டே இருக்கும், ஃபில்டர் பேப்பர் அடைச்சுக்கும். அமோனியா, உப்பு அயனிங்க எல்லாம் போயிட்டதால துகள்கள் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு பிரிஞ்சு நிக்குது. அத கீழ ஊத்திடாதீங்க, உங்க சாம்பிள்லயே சின்ன துகள் எல்லாம் அதுலதான் இருக்கு. சென்ட்ரிஃபியூஜ்ல 4000 ஆர்பிஎம், பத்து நிமிஷம் போடுங்க.

80 டிகிரில ஒரு நாள் காய வச்சு அகேட் மோர்ட்டர்ல மெதுவா அரைங்க, மாஸ்க் போட்டுக்கோங்க, நானோ தூசி மூக்குக்கு நல்லதில்ல. எடை 9, 9.5 கிராம் வந்தா நல்லா இருக்கு. 11 கிராம் வந்தா சந்தோஷப்படாதீங்க, அது ஈரம்.

இப்ப பவுடர ரெண்டா பிரிங்க, பாதிய அப்படியே வைங்க, பாதிய 600 டிகிரில ரெண்டு மணி நேரம் சுடுங்க. நெறைய பேர் இந்த எடத்துல 900 டிகிரிக்கு போறாங்க, ஏன்னா எக்ஸ்ஆர்டி ஊசி ஊசியா அழகா வரும். அழகா வர்றதுக்கு காரணமே கிறிஸ்டல் பெருசாயிட்டதுதான், நானோன்னு சொல்லிட்டு நானோவ நீங்களே அழிச்சுட்டீங்க, பரப்பளவும் போச்சு. ஃப்ளோரைடு பிடிக்கறதுக்கு அந்த சுடாத, பீக் எல்லாம் மழுங்கி அசிங்கமா இருக்கற பவுடர்தான் பெரும்பாலும் நல்லா வேலை செய்யும்.

என்ன டெஸ்ட், எந்த ஆர்டர்ல

கருவி விஷயத்துல நமக்கு குறையில்ல. காலாப்பட்டுல பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல மைய கருவிக்கூடம் இருக்கு, அண்ணாமலைநகர்லயும் கேட்டு பாக்கலாம், அங்க இல்லாதது சென்னை ஐஐடியோட சைஃப்ல (வெளி ஆளுங்களுக்கும் டெஸ்ட் பண்ணி குடுக்கற கருவி மையம்) கெடைக்கும். எல்லாத்துக்கும் காசு, க்யூ ரெண்டும் உண்டு. அதனால மொதல்ல எக்ஸ்ஆர்டியும் எஃப்டிஐஆரும் (அகச்சிவப்பு ஒளிய வச்சு என்னென்ன வேதிப் பிணைப்பு இருக்குன்னு பாக்கறது) மட்டும் எடுங்க, அதுல ஹெச்ஏபின்னு உறுதியானாதான் எஸ்இஎம் (மேற்பரப்ப காட்டற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்), பிஇடி (கிராமுக்கு எவ்ளோ பரப்பளவுன்னு அளக்கறது), டிஇஎம்முக்கு (தனித்தனி துகளையே காட்டற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) செலவு பண்ணணும். எடுத்தவுடனே டிஇஎம்முக்கு குடுக்கறது காச கடல்ல போடற வேலை.

எக்ஸ்ஆர்டில, காப்பர் கே ஆல்ஃபா கதிருக்கு, ஹெச்ஏபி பீக் 25.9, 31.8, 32.2, 32.9, 34.0, 39.8, 46.7, 49.5 டிகிரில வரணும், ஜேசிபிடிஎஸ் கார்டு 09-0432 (ஹெச்ஏபிக்கான ஸ்டாண்டர்ட் பீக் பட்டியல்) கூட ஒப்பிடுங்க. ஆனா இருக்க வேண்டியது இருக்கான்னு பாக்கறத விட இருக்கக் கூடாதது இருக்கான்னு பாக்கறதுதான் முக்கியம். 18.0ல பீக் இருந்தா நீர்த்த சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) மிச்சம். 29.4ல இருந்தா கால்சைட். 37.4ல இருந்தா கால்சியம் ஆக்சைடு. 31.0ல, அந்த பெரிய பீக்குக்கு இடது பக்கத்துல தோள் மாதிரி ஒண்ணு எழும்புனா பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட். இத எல்லாம் நீங்களே சொல்லிட்டா எக்ஸாமினர் கேக்க ஒண்ணும் இருக்காது.

அப்புறம் ஷெர்ரர் கணக்கு, பீக்கோட அகலத்துலேர்ந்து கிறிஸ்டல் சைஸ கண்டுபிடிக்கறது. 0.9ஐ 0.15406ஆல (எக்ஸ்ரே அலைநீளம், நானோமீட்டர்ல) பெருக்கி, அத பீட்டா (ரேடியன்ல பீக்கோட பாதி உயர அகலம்), காஸ் தீட்டா (தீட்டான்னா பீக் கோணத்துல பாதி) ரெண்டோட பெருக்கலால வகுக்கணும், விடை நானோமீட்டர்ல வரும். உதாரணத்துக்கு 25.9 டிகிரி பீக்கோட பாதி உயர அகலம் 0.35 டிகிரின்னு வைங்க. அத ரேடியனுக்கு மாத்துனா 0.00611, தீட்டா 12.95, அதோட காஸ் 0.9746. விடை 23 நானோமீட்டர். ரேடியனுக்கு மாத்தாம போட்டா 0.4 நானோமீட்டர் வரும், ஹெச்ஏபியோட ஒரு யூனிட் செல்லே 0.94 நானோமீட்டர் அகலம், அத விட சின்ன கிறிஸ்டல் எங்கேர்ந்து வரும்? இருந்தும் இந்த மாதிரி நம்பரோட ரிப்போர்ட் வந்துட்டேதான் இருக்கு.

இன்னொரு தப்பு இத விட நைஸானது. சுடாத சாம்பிள்ல 31.8, 32.2, 32.9 மூணும் சேந்து ஒரே மேடா தெரியும், சாஃப்ட்வேர் அத ஒரே பீக்னு எடுத்துக்கிட்டு அகலம் 1 டிகிரின்னு சொல்லும், கணக்கு போட்டா 8 நானோமீட்டர். கேக்க நல்லா இருக்கும், ஆனா பொய். தனியா நிக்கற 25.9 பீக்கதான் எடுக்கணும். மெஷினோட சொந்த அகலத்தையும் கழிக்கணும், லேப்ல சிலிக்கான் இல்ல லாந்தனம் ஹெக்ஸாபோரைட் ஸ்டாண்டர்ட் டேட்டா கேட்டு வாங்கிக்கோங்க. இதுல வர்றது கிறிஸ்டலைட் சைஸ், துகள் சைஸ் இல்ல, அத ரிப்போர்ட்ல அப்படியே எழுதுங்க.

எஃப்டிஐஆர்ல (நம்பர் எல்லாம் செமீ⁻¹ அலகுல) பாஸ்பேட்டுக்கு 1040 பக்கம் பெரிய பள்ளம், 962, 602, 565. ஹைட்ராக்ஸிலுக்கு 3570ல கூர்மையா ஒண்ணு, 632ல ஒண்ணு. 3400ல அகலமா வர்றத காட்டி ஹைட்ராக்ஸில்னு சொல்லாதீங்க, அது தண்ணி, நம்ம ஊர் ஈரத்துல பொட்டாசியம் ப்ரோமைடு பெல்லட்டே அத குடிச்சுட்டுதான் வரும். 1415, 1455, 875ல கார்பனேட் தெரிஞ்சா பயப்பட வேணாம், காத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள போய் பாஸ்பேட் எடத்துல உக்காந்துருக்கும், எலும்புலயும் அப்படித்தான். ஆனா 712லயும் ஒண்ணு இருந்தா அது தனியா கெடக்கற கால்சைட்.

எஸ்இஎம்ல கட்டி கட்டியா தெரியும், எல்லாருக்கும் அப்படித்தான், தங்கம் பூசி எடுக்கணும். கூடவே இடிஎக்ஸ்ல (எஸ்இஎம்மோட சேந்து வர்ற, எந்த தனிமம் எவ்ளோன்னு சொல்ற கருவி) கால்சியம் பாஸ்பரஸ் விகிதத்த அட்டாமிக் சதவீதத்துல பாருங்க, ஒரு புள்ளில இல்லாம நாலஞ்சு எடத்துல ஏரியா ஸ்கேன் எடுத்து சராசரி போடுங்க. 1.67க்கு மேல போனா சுண்ணாம்பு மிச்சம், கீழ போனா கால்சியம் பத்தல. டிஎல்எஸ்ல (தண்ணில மெதக்கற துகள் சைஸ லேசர் ஒளிய வச்சு அளக்கறது) 400, 500 நானோமீட்டர்னு வந்தா அழ வேணாம், அது தண்ணில கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கறதோட சைஸ்.

பிஇடி பரப்பளவு கெடைச்சா ஒரு குறுக்கு சோதனை பண்ணலாம், இத யாரும் பண்றதில்ல. 6000ஐ, அடர்த்தி 3.16ஐயும் பரப்பளவையும் பெருக்கின நம்பரால வகுங்க. கிராமுக்கு 60 சதுர மீட்டர்னா 32 நானோமீட்டர் வரும். ஷெர்ரர்ல 23, இதுல 32, டிஇஎம்ல அதே ரேஞ்சுல குச்சி குச்சியா தெரியுதுன்னா மூணும் ஒரே கதைய சொல்லுது, அப்ப தைரியமா நானோன்னு எழுதலாம்.

ஃப்ளோரைட பிடிக்குதா

சோடியம் ஃப்ளோரைடு விஷம், பாட்டில்ல பெருசா எழுதி ஒட்டுங்க. 0.221 கிராம ஒரு லிட்டர்ல கரைச்சா லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஸ்டாக். கண்ணாடி வேணாம், எல்லாமே ப்ளாஸ்டிக் பாட்டில்.

லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள கரைசல் 50 மில்லி, 0.1 கிராம் பவுடர், பிஹெச் 6.5 பக்கம், ஷேக்கர்ல ரெண்டு மணி நேரம். முடிவுல லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் மிச்சம்னு வைங்க. 10லேர்ந்து 2.4 போனா 7.6, அத 0.05 லிட்டரால பெருக்கி 0.1 கிராமால வகுத்தா கிராமுக்கு 3.8 மில்லிகிராம். ஒவ்வொண்ணும் மூணு தடவை. அப்புறம் நேரம், பவுடர் அளவு, பிஹெச், ஆரம்ப அடர்த்தின்னு ஒண்ணு ஒண்ணா மாத்துங்க. பிஹெச் 4க்கு கீழ போகாதீங்க, பவுடரே கரைஞ்சுடும்.

அளக்கறதுக்கு ஃப்ளோரைடு எலக்ட்ரோடு இருந்தா அதுதான் பெஸ்ட், டிசாப் பஃபர் (பிஹெச், அயனி அளவு ரெண்டையும் நிலையா வைக்கற கரைசல்) சரிபாதி கலந்து, பத்து மடங்கு அடர்த்திக்கு 54லேர்ந்து 60 மில்லிவோல்ட் வித்தியாசம் வருதான்னு தினமும் செக் பண்ணுங்க. இல்லன்னா 570 நானோமீட்டர்ல ஸ்பாட்ன்ஸ் (SPADNS) சாயத்தோட கலர் மாறறத அளக்கற முறை, அதுக்கு சாம்பிள டைலூட் பண்ணணும், அலுமினியம், பாஸ்பேட் இருந்தா ரீடிங் ஆடும். எதுல அளந்தாலும் சாம்பிள சிரிஞ்ச் ஃபில்டர்ல வடிகட்டாம விடாதீங்க. டிசாப்போட பிஹெச் 5 சொச்சம், மெதந்துட்டு இருக்கற பவுடர் அதுல கரைஞ்சு, பிடிச்சு வச்சிருந்த ஃப்ளோரைட திரும்ப வெளிய விட்டுடும், நல்ல பவுடருக்கு கெட்ட பேர் வந்துடும்.

இப்ப கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டு பாக்கறதுக்குன்னு தனியா வைக்கற சாம்பிள்ங்க. பவுடர் போடாத ஃப்ளோரைடு கரைசல் ஒண்ணு, பாட்டில் எவ்ளோ பிடிக்குதுன்னு தெரியும். ஃப்ளோரைடு இல்லாத தண்ணில பவுடர் மட்டும் ஒண்ணு. சுடாத ஓட்டுப் பொடி ஒண்ணு. கால்சியம் ஆக்சைடு ஒண்ணு. கடைசி ரெண்டும்தான் உங்க ப்ராஜெக்ட காப்பாத்தும். ஏன்னா கழுவாம விட்ட சுண்ணாம்பும் கால்சியம் ஃப்ளோரைடா படிய வச்சு ஃப்ளோரைட குறைக்கும், அத நானோவோட திறமைன்னு நெனச்சுக்குவீங்க. பிஹெச் முன்னாடியும் பின்னாடியும் எழுதி வைங்க. கொஞ்சம் ஏறினா சரி, ஹெச்ஏபில இருக்கற ஹைட்ராக்ஸில் எடத்துல ஃப்ளோரைடு போய் உக்காரும்போது ஹைட்ராக்ஸில் வெளிய வரும், பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடு பல்லுல பண்றதும் அதேதான். ஆனா 11க்கு ஏறிடுச்சுன்னா அது சுண்ணாம்பு பேசுது.

லாங்மியர், ஃப்ராய்ண்ட்லிச் (எவ்ளோ அடர்த்தில பவுடர் எவ்ளோ பிடிக்கும்னு சொல்ற சமன்பாடுங்க) எல்லாம் போடுங்க, ஆனா நேர்கோடா மாத்தாம நேரடியா வளைவுக்கே ஃபிட் பண்ணுங்க, எக்செல்லயே சால்வர்ல பண்ணலாம். ஆர் ஸ்கொயர் (வளைவு எவ்ளோ பொருந்துதுன்னு காட்ற நம்பர்) 0.999 வந்துச்சுன்னு மெக்கானிசமே தெரிஞ்சுடுச்சுன்னு எழுதாதீங்க.

டிஸ்டில்டு வாட்டர்ல நல்லா வந்ததும் நெஜ தண்ணிக்கு போங்க. கடலூர்னாலே எல்லாரும் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து தண்ணின்னு ஆரம்பிப்பாங்க, அது இப்ப வேணாம், எத்தன பொருள் கலந்திருக்குன்னு தெரியாத தண்ணில எது எத தடுத்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. வீட்டு போர் தண்ணில தெரிஞ்ச அளவு ஃப்ளோரைடு கலந்து பாருங்க. பைகார்பனேட் போட்டிக்கு வரும், திறன் குறையும், அந்த குறைஞ்ச நம்பர்தான் உங்க நெஜ நம்பர், அதையே அப்ஸ்ட்ராக்ட்ல போடுங்க. அதே தண்ணில பாஸ்பேட்டும் கால்சியமும் எவ்ளோ கசிஞ்சுருக்குன்னும் அளக்கணும், ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ண குடிதண்ணில விட்டா யார் ஒத்துக்குவாங்க.

0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல கழுவி திரும்ப யூஸ் பண்ணி பாருங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் எவ்ளோ பவுடர் தொலையுதுன்னும் எடை போடுங்க. கழுவின தண்ணில இப்ப ஃப்ளோரைடு அடர்த்தியா இருக்கும், சிங்க்ல ஊத்தாதீங்க, மிச்சம் இருக்கற சுண்ணாம்புப் பால் ஊத்தி கலக்கி ஒரு நாள் விட்டா பெரும்பகுதி கால்சியம் ஃப்ளோரைடா கீழ படியும். அந்த படிவு, வேலை முடிஞ்ச பவுடர், மேல நிக்கற தண்ணி எல்லாத்தையும் பேர், தேதி எழுதி லேப்போட கெமிக்கல் வேஸ்ட்ல சேத்துடுங்க.